வண்டியில் ஒரு குறையும் இல்லை

செல்ஃப் அடித்ததும் அந்தப் பழைய அம்பாசடரிலிருந்து வந்தது ஒரே ஒரு "டிக்". அதன் பிறகு கொட்டகைத் தகரத்தின் மேல் மழை விழும் சத்தம்தான் கேட்டது.

ராசு மறுபடியும் அடிக்கவில்லை. அடித்துப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரை வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளவைத்ததே, அதே வண்டிதான். அதற்கப்புறம் பேட்டரியைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றிக் கூடலூருக்குக் கொண்டுபோய், முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு மூன்று நாள் சொன்ன பேச்சைக் கேட்டது. இன்று விடிந்ததும் பழைய குணத்துக்கே திரும்பிவிட்டது.

கொட்டகை வாசலில் குடையோடு நின்றிருந்தார் ஆறுச்சாமி. வண்டிக்குச் சொந்தக்காரர். கோயமுத்தூரிலிருந்து வந்து சேரம்பாடிக் கடைவீதியில் மளிகை நடத்துகிறவர். வண்டியை ஓட்டுவது ராசுவின் அப்பா அய்யாவு. பழுது பார்ப்பதும் மற்ற நேரத்தில் ஓட்டுவதும் ராசு. அந்தக் குடும்பத்தின் சோறு இந்த நாலு சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க டிரைவரே, இதென்னுங்க இது?" என்றார் ஆறுச்சாமி. "நாளைக்கு வெடியால எங்கூட்டுக்காரியக் கூட்டிட்டு மேட்டுப்பாளையம் போகோணும். நிச்சயதார்த்தமுங்க. அவளையும் எறக்கி உட்டுத் தள்ளச் சொல்றீங்களா?"

அய்யாவு காக்கிச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். சிலோனில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், பெரிய துரையின் காரை ஓட்டிய மனிதர். கப்பலேறி இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்த விறைப்பு மட்டும் கரையவில்லை.

"பய போட்ட வயருதான் மொதலாளி. எங்கியோ தோலு உரிஞ்சி பாடியில படுது. பாத்துருவோம்."

ராசு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். போன வருஷம் வயரெல்லாம் மாற்றியது அவன்தான். அப்பா சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

"பாத்துப் பாத்து எத்தன வாரமாச்சுங்க? ஊட்டி புரோக்கருக்குச் சொல்லிப்போட்டேன். நாளைக்கு வெடியால சாவியத் திருப்பி, ஒரே தாக்குல கெளம்புச்சுன்னா வண்டி உங்ககிட்ட இருக்கட்டும். இல்லீன்னா மத்தியானம் லாரியில கட்டி இழுத்துட்டுப் போயிருவான். நான் கண்டிப்பாச் சொல்றனுங்க."

சொல்லிவிட்டுக் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அலுத்துப் போனவர்.

வண்டி போய்விட்டால் ராசு குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான். அவன் மனைவி அன்னக்கிளிக்கு ஐந்து மாதம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற வேலைக்காக அவளுக்குக் கிடைத்த லயக் காம்பரா, அந்த ஒற்றை அறைதான் மூன்று பேருக்கும் வீடு. அவளைக் கிழவரோடு விட்டுவிட்டு எப்படிப் போவது? பேறுகாலத்துக்கு யார் துணை? மாமியார் இல்லாத வீடு அது.

மாமியார் ஏன் இல்லை என்பது வழக்கமாகப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அய்யாவுவின் மூத்த மகன் முத்துவேல் சிலோனிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, "நான் வரல, நீங்க போங்க" என்று தங்கிவிட்டான். இங்கே வந்த இரண்டாம் வருஷமே அவன் பெயரைச் சொல்லிச் சொல்லியே அந்த அம்மாள் கண்ணை மூடினாள். அன்றைக்குத்தான் அய்யாவு சத்தம் போட்டுச் சொன்னார், இனி அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று. கேட்கவும் இல்லை. இந்த ஜூலையில் கலவரத்தில் சிலோன் பற்றி எரிந்து, கடிதம் கிடிதம் எல்லாம் நின்றுபோன பிறகும்கூட யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அன்னக்கிளி அன்று வேலைக்கு லீவு போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"நான் என்னாங்க செய்யணும்?"

"இந்த பல்ப்பப் புடி. எரிஞ்சா சொல்லு."

பேட்டரியின் ஒரு முனைக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்ன பல்ப்பைக் கோத்தான் ராசு. வண்டி சும்மா நிற்கும்போது எங்கேயாவது கரண்டு கசிந்தால் பல்ப் எரியும். பிறகு ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ அதுதான் திருடன்.

"எரியுதா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாரு. லேசா செவப்பாத் தெரியும்."

அவள் பல்ப்பை முந்தானைக்குள் வைத்து மூடிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பல்ப்பே பியூஸ் போயிருக்குமோ என்று அதை நேராகப் பேட்டரியில் வைத்தான். மங்கலாக எரிந்தது. மறுபடியும் நடுவில் கோத்தான். எரியவில்லை.

தன் தப்பு தெரிந்துவிட்டால் போதும் என்றுதான் ராசு வேலையில் இறங்கினான். பல்ப் எரிந்தால் வெட்கம் ஒரு நாளோடு போகும், வண்டி மிஞ்சும். எரியாத பல்ப்பை என்ன செய்வது?

பானட்டைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பேட்டரிக் கரண்டு டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கிற கட்-அவுட்டைத் திறந்து, பாயிண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று காகிதத்தை நுழைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. பிரேக் மிதியை விட்ட பிறகும் ஸ்டாப் லைட் எரிகிறதா என்று அன்னக்கிளியைப் பின்னால் நிற்கச் சொன்னான். எரியவில்லை. ஹாரன், வைப்பர், டிக்கி எல்லாம் சுத்தம். டாஷ்போர்டில் பழங்காலத்து ரேடியோ ஒன்று உண்டு. ஆறுச்சாமி வண்டியை வாங்கும்போதே அது ஊமை. அதன் பக்கம் அவன் கையே போகவில்லை.

அய்யாவு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாடா, ஆப்புட்டுச்சா?"

"இல்லப்பா. வண்டியில கசிவே இல்ல."

"நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் அவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. ராசு அதைக் கவனிக்கவும் இல்லை.

மத்தியானம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைவீதி லாரிப் பட்டறைக்கு ஓடினான். அங்கே கரண்டு கட். கரண்டு வந்து, சார்ஜரில் மாட்டி, சாயங்காலம் ஆவதற்குள் பாதிகூட ஏறவில்லை. பட்டறை எலக்ட்ரீஷியன் மலையாளி, நல்ல மனசுக்காரன். பேட்டரியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பழைய சாதனமாணு ராசு. நாளைக்குக் காலையில ஒரு ஸ்டார்ட்டு கிட்டும். ரெண்டாமத்தது கிட்டாது, கேட்டோ. அதுவரைக்கும் ஒரு லைட்டுகூடப் போடாதே."

ஒரு ஸ்டார்ட் போதும். ராசுவுக்கு உயிர் வந்தது. அந்தத் தெம்பில்தான் நேராக ஆறுச்சாமியின் கடைக்குப் போனான். போயிருக்க வேண்டாம்.

அய்யாவு ஏற்கெனவே அங்கே இருந்தார். அரிசி மூட்டை ஓரமாக, வழக்கமான விறைப்போடு.

"பாத்துட்டேன் மொதலாளி" என்றான் ராசு. "வண்டியில ஒரு கொறையும் இல்ல. வயரு, டைனமோ, கட்-அவுட்டு எல்லாம் நல்லாருக்கு. நாளைக்குக் கட்டாயம் ஸ்டார்ட் ஆவும்."

சந்தோஷமாகச் சொன்னான், பாவம். ஆறுச்சாமி தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

"வண்டியில கொறையில்லீன்னா பேட்டரி என்னத்துக்கு எறங்குது?"

அந்தக் கேள்வியை ராசு தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"நானே சொல்லட்டுங்களா? யாரோ வண்டிய எடுக்கறாங்க. நான் ஊட்டுக்குப் போனதுக்கப்புறம் எடுத்துட்டுப் போயி, விடியறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்திப்போடறாங்க. கேரளா பார்டர் பக்கம் மொளகு மூட்டை எப்பிடிப் போகுதுன்னு எனக்கும் தெரியுமப்பா. நானும் யாவாரிதான்."

"மொதலாளி! ஓடுனா பேட்டரி ஏறும். எறங்காது!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதப்பா. கொறை வண்டியில இல்லீன்னா ஆளுகிட்டத்தான் இருக்கோணும். நீயே சொல்லிப்போட்டே."

கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராசு அப்பாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். "எம் மகன் அப்புடி ஆளு இல்ல மொதலாளி" என்று அந்தக் காக்கிச் சட்டை ஒரு வார்த்தை சொன்னால் ஆறுச்சாமி நிச்சயம் கேட்பார். அய்யாவு பேச்சுக்கு அந்தக் கடைவீதியில் அவ்வளவு மதிப்பு.

அய்யாவு கீழே சிந்திக் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதரை இத்தனை வாரமாக எழுதி வருகிற எனக்கே அந்த இடத்தில் அவர் மேல் கோபம் வந்தது.

பேட்டரியை வண்டியில் மாட்டிவிட்டுக் காம்பராவுக்கு வந்த ராசு, மூலையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். அன்னக்கிளி வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. நடந்ததை அவளிடம் சொன்னான்.

"மாமா ஒண்ணுமே சொல்லலியா?"

"சொல்லல."

"கள்ளன்னு சொல்றாங்க, பெத்த தகப்பன் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரா?"

"விடு அன்னம். அவருக்கும் அப்புடித்தான் தோணுதோ என்னமோ."

திருட்டுப் பட்டம்கூட அவனுக்குப் பெரிதில்லை. அப்பா நம்பவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

வெளியே வாளிச் சத்தம் கேட்டது. அய்யாவு குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தோளில் துணியோடு கொட்டகைப் பக்கம் இறங்கிப் போனார். தினமும் பொழுது சாயும் நேரத்தில் வண்டியைக் கழுவுவது அவர் வழக்கம். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கழுவுவார். காரைக் கழுவும்போது டிரைவரைத் தவிர யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்பது துரை பங்களாச் சட்டமாம். அது மற்றவர்களுக்கும் பழகிவிட்டது.

அன்னக்கிளி வாசலில் நின்று அவர் போவதையே பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு வண்டி கொட்டகையை விட்டு வெளியவே வரலியே."

"ஆமா."

"சேறு ஏது? சகதி ஏது? எத கழுவப் போறாரு?"

ராசு தலையை நிமிர்த்தினான். அப்படியே எழுந்து, செருப்புகூடப் போடாமல் மழையில் இறங்கினான்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அப்பா யாரோடு பேசுகிறார்? ஆறுச்சாமி சொன்ன மிளகு மூட்டை ராசுவுக்கு ஞாபகம் வந்தது. கதவைத் தள்ளினான்.

வாளித் தண்ணீர் தளும்பாமல் ஓரமாக இருந்தது. அய்யாவு காரின் முன்சீட்டில், ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம், டாஷ்போர்டை நோக்கிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். குரல் அங்கிருந்துதான் வந்தது. ஊமை ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.

"...பதுளை, கீழ்ப்பிரிவு லயத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட வீரன் ஆயம்மாள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற..."

சிலோன் ரேடியோ. மரண அறிவித்தல். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், அதற்குப் பிறகு செத்தவர் பெயர் என்று ஒரே நிதானத்தில் வாசித்துக்கொண்டே போனது அந்தக் குரல்.

ராசு கார்க் கதவைத் திறந்தான். அய்யாவு திரும்பவில்லை. பேசாதே என்று ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அந்த விரலைப் பார்த்ததும் ராசுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வால்வு ரேடியோ. பேட்டரியைக் குடிக்கிற பேய். சாவியை எடுத்துவிட்டாலும் தன் பாட்டுக்குப் பாடும். திருகி அணைத்துவிட்டால் எந்த பல்ப்பும் எரியாது, எந்தக் கசிவும் தெரியாது.

"இதுக்குத்தானாப்பா? இதுக்குத்தானா என் வயரச் சொன்னீங்க?"

"பின்னால கம்பி விட்டிருந்திச்சி. தொரை காருலயும் இதே ரேடியோதான். மாட்டிவிட்டேன்."

"மொதலாளி என்னையக் கள்ளன்னு சொன்னாரே. பக்கத்துலதான நின்னீங்க?"

அய்யாவு ரேடியோவின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நிப்பாட்டுன்னு சொல்லுவாங்கடா. நிப்பாட்ட ஏலாது எனக்கு."

ராசு ரேடியோவைப் பார்த்தான்.

"தெனமும் வாசிச்சி முடிப்பாங்க. அவன் பேரு வராது. சரி, இன்னைக்கும் உசுரோட இருக்கான்னு எந்திரிச்சி வருவேன். ஒரு நாளு கேக்காம விட்டா, அன்னைக்கி வாசிச்சிட்டாங்கன்னா? எனக்கு எப்புடிடா தெரியும்? யாரு வந்து சொல்லுவா?"

துரை காரை ஓட்டிய அந்த விறைப்பு எங்கே போனதோ, சீட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தது ஒரு கிழட்டுத் தகப்பன்தான். ராசுவின் கோபம் அப்படியே வடிந்துபோய், அதைவிடத் தாங்க முடியாத ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது கூடவே ஓடி வந்த அண்ணன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவப் பாத்துக்கடா" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த அண்ணன்.

ரேடியோவின் குரல் ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்தது. ராசுவுக்கு அதன் அர்த்தம் தெரியும். இப்போதே அணைத்தால் நாளைக்கு ஒரு ஸ்டார்ட் மிஞ்சலாம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் வண்டியும் போய்விடும், மிளகு கடத்தியவன் என்ற பெயரும் நிலைத்துவிடும். அன்னக்கிளியின் வயிற்றை நினைத்தான். கையை நீட்டி ரேடியோவின் திருகைப் பிடித்தான்.

அய்யாவு அந்தக் கையைத் தடுக்கவில்லை.

"இன்னும் முடியலடா" என்றார், அவ்வளவுதான். அவர் கெஞ்சி ராசு அதுவரை கேட்டதில்லை.

ராசு கையை எடுத்துவிட்டான். சுற்றிக்கொண்டு போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அப்பாவோடு சேர்ந்து குனிந்தான். நாவலப்பிட்டியில் ஒருவர். பண்டாரவளையில் ஒருவர். ஒவ்வொரு பெயர் முடியும்போதும் அய்யாவு மூச்சை விட்டார். இப்போது ராசுவும் விட்டான்.

"மஸ்கெலியா," என்றது குரல். மிகவும் சன்னமாக. "மேல்கந்தைத் தோட்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட அய்யாவு..."

அத்தோடு குரல் தேய்ந்து, இழுத்து, நின்றுபோனது.

ராசு திருகைத் திருகினான். தட்டினான். சாவியைப் போட்டுச் செல்ஃப் அடித்தான். "டிக்" என்றுகூடக் கேட்கவில்லை.

"நம்ம தோட்டம்" என்றார் அய்யாவு. "எம் பேரச் சொன்னான்."

"அந்தத் தோட்டத்துல அய்யாவு எத்தன பேருப்பா இருந்தாங்க. மேல் லயத்துல ஒருத்தரு இல்லியா? அவரா இருக்கும்."

"எம் பேருக்குப் பொறகு என்னா சொன்னான்?" கிழவர் மகனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முத்துவேலுன்னு சொன்னானா? டேய் ராசு, முத்துவேலுன்னாடா சொன்னான்?"

அம்மா செத்த நாளிலிருந்து சொல்லக் கூடாது என்றிருந்த பெயர். சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவரே சொன்னார்.

"தெரியலப்பா. கேக்கல."

அய்யாவு சடாரென்று கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கொட்டகைக் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டார். மழை உள்ளே அடித்தது. வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். தான் ஓட்டுகிற வண்டியை வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தள்ளாதவர் அவர். அது டிரைவருக்கு அவமானம் என்று போன வாரம்கூட ஒதுங்கி நின்றவர்.

"இன்ஜின் புடிச்சா ரேடியோ பேசும். பிரேக்க விடுடா!"

"அப்பா, அது வாசிச்சி முடிஞ்சிருக்கும்ப்பா."

"விடுடா!"

இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்குக் கீழே ரோடு சரிவாக ஓடைப் பாலம்வரை போகிறது. உருளும் வேகத்தில் இன்ஜின் பிடித்தால் சரி. பிடிக்காமல் அடியில் போய் நின்றுவிட்டால் மேலே ஏற்ற ஆள் கிடையாது. விடிந்ததும் ஆறுச்சாமி மனைவியோடு வந்து பார்க்கும்போது கொட்டகை காலியாக இருக்கும், இரவில் வண்டியை எடுத்தவன் ராசுதான் என்று முடிவாகிவிடும். அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

இத்தனையும் ராசுவுக்குத் தெரிந்தது. பின்னால் அப்பா மூச்சு வாங்கித் தள்ளுவதும் கேட்டது. செருப்பு வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் தோளைக் கொடுப்பதும் கேட்டது.

கைப்பிரேக்கை விட்டான். வண்டி மெல்ல உருண்டு மழைக்குள் இறங்கியது.